புது வேலையும் கடும் பதற்றமும்: உடம்பு என்ன செய்கிறது, நாம் என்ன செய்யலாம்

பணி ஆணை வந்த அன்று வீட்டில் கேசரி கிண்டுகிறார்கள். தெரு முழுக்கச் செய்தி போய்ச் சேர்கிறது. வேலை கிடைத்தவருக்கோ அன்று இரவே தூக்கம் போய்விடுகிறது. சேரவேண்டிய தேதி நெருங்க நெருங்கச் சோறு இறங்குவதில்லை. விடியற்காலை நாலு மணிக்கே விழிப்பு. வயிற்றில் புளியைக் கரைக்கிறது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, கிளம்பும் நேரத்தில் மூன்று தடவை கழிப்பறைக்குப் போகவேண்டியிருக்கிறது. "ஆசைப்பட்ட வேலைதானே, இதுக்குப் போய் யாராவது பயப்படுவாங்களா?" என்று வீட்டார் கேட்கும்போது சொல்லப் பதிலும் இல்லை.

இந்தக் கட்டுரை அவருக்கானது. விளக்குவதற்கு ஓர் ஆளை மனதில் வைத்துக்கொள்வோம். பொதுத்துறை வங்கித் தேர்வு எழுதி, முன்பின் தெரியாத ஊரில் ஒரு கிளையில் கிளார்க்காகச் சேர்ந்து, இன்னும் சில நாளில் கேஷ் கவுண்டரில் உட்காரப்போகிறவர். ஆறு மாதம் ப்ரொபேஷன். அவருடைய பயத்தில் நியாயமும் இருக்கிறது: சாயங்காலம் கணக்கு இடித்து, எங்கே விட்டது என்று கண்டுபிடிக்க முடியாமல் போனால், குறையும் பணத்தைக் கைக்காசிலிருந்து கட்டவேண்டி வரலாம். அதனாலேயே இந்த உதாரணம். ஐடி நிறுவனம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, துணிக்கடை என்று இடம் மாறலாம். பதற்றம் இயங்கும் விதம் எங்கேயும் ஒன்றுதான்.

எது சாதாரணம், எது கடுமை

புது இடத்தில் முதல் சில நாள் படபடப்பு யாருக்கும் இருக்கும். கையில் வேலை வந்ததும் அது தணியும், மத்தியானம் பசிக்கும், ராத்திரி தூக்கம் வரும். கடும் பதற்றம் அப்படித் தணிவதில்லை. சாப்பாட்டையும் தூக்கத்தையும் நாள்கணக்கில் கெடுக்கும். செய்யத் தெரிந்த வேலையையும் தள்ளிப்போட வைக்கும். "பேசாமல் சேராமலே இருந்துவிட்டால் என்ன" என்ற இடம்வரை இழுத்துக்கொண்டு போகும்.

அளந்து பார்க்க மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கேள்வித்தாள் ஒன்று உண்டு. பெயர் ஜிஏடி-7. 2006-ல் வெளியானது. கடந்த இரண்டு வாரத்தில் பதற்றமாக இருந்ததா, கவலையை நிறுத்த முடியாமல் போனதா, உடம்பைத் தளர்த்த முடியவில்லையா என்பதுபோல ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. 5 வந்தால் லேசானது, 10 நடுத்தரம், 15-ஐத் தொட்டால் கடுமை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. நோய் இருக்கிறது என்று உறுதிசெய்யும் வேலையை இந்தத் தாள் செய்யாது. "டாக்டரிடம் போகிற அளவுக்கு இது பெரிய விஷயமா?" என்ற தயக்கத்துக்கு ஒரு விடை தரும், அவ்வளவுதான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பு வடிவத்தில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. இருட்டில் கிடப்பது கயிறா பாம்பா என்று நாம் யோசித்து முடிப்பதற்குள் அது மணியடித்துவிடும். மணி அடித்ததும் சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விடுகின்றன. ஓட வசதியாக இதயம் வேகம் எடுக்கிறது. செரிமானத்துக்குப் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்புகிறது. உள்ளங்கை வியர்க்கிறது, விரல்கள் மெல்ல நடுங்குகின்றன. நோட்டு எண்ணும்போது கை உதறுவதும், பதிவேட்டில் கையெழுத்து கோணலாவதும் இதனால்தான். உங்களுக்குத் திறமை இல்லை என்பதற்கு அது சாட்சி இல்லை.

காலையில் இது ஏன் அதிகம்? தூங்கி எழுந்த முதல் 30, 45 நிமிடத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் எல்லோருக்கும் இயல்பாகவே ஏறும். அன்றைய நாளுக்கு உடம்பைத் தயார் செய்ய அது வேண்டும். ஏற்கெனவே பதறிக்கொண்டிருப்பவருக்கு அந்த ஏற்றமும் பயமாகவே தெரியும். ஆகவே காலை ஆறு மணி மனநிலையை வைத்து அன்றைய நாளைக் கணிக்காதீர்கள். அதே மனிதரை மத்தியானம் ஒரு மணிக்குக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வேறு பதில் வரும்.

இன்னொன்று மூச்சு. பதற்றத்தில் மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடும். தேவைக்கு மேல் கரியமில வாயு வெளியேறிவிடும். அதனால் தலை லேசாகும், உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும், நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல இருக்கும். "ஐயோ, மயக்கம் வருகிறதே" என்று பயந்து இன்னும் வேகமாக மூச்சு வாங்கினால் எல்லாம் கூடும்.

பயத்துக்குத் தீனி போடுவது எது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இந்தப் பகுதியை வையுங்கள்.

நம் வங்கி நண்பர் திங்கள்கிழமை காலை வயிற்று வலி என்று லீவு சொல்கிறார். சொன்ன அடுத்த நிமிடம் நெஞ்சுப் படபடப்பு குறைகிறது, அப்பாடா என்றிருக்கிறது. அந்த நிம்மதி பொய் இல்லை. ஆனால் அமிக்டலா அதிலிருந்து ஒரு பாடம் படித்துக்கொள்கிறது: "கிளை ஆபத்தான இடம். போகாததால் தப்பித்தோம்." செவ்வாய்க்கிழமை மணி இன்னும் பலமாக அடிக்கும். புதன்கிழமை பஸ் ஸ்டாண்டைப் பார்த்தாலே அடிக்கும். தவிர்ப்பு அந்த நேரத்து வலியை ஆற்றும், அடுத்த நாள் பயத்தை வளர்க்கும். பல பதற்றக் கோளாறுகளை வருஷக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பது இந்தச் சுற்றுதான்.

இதை உடைக்க ஒரே வழி, பயத்தோடேயே அந்த இடத்தில் போதுமான நேரம் இருப்பது. பதற்றம் வளைவு மாதிரி ஏறி, உச்சிக்குப் போய், தானே இறங்கும். அட்ரினலினை உடம்பு தொடர்ந்து அதே அளவில் கொட்டிக்கொண்டே இருப்பதில்லை. திடீரென்று தாக்கும் பீதிகூடப் பொதுவாகச் சில நிமிடங்களில், பத்து நிமிடத்துக்குள், உச்சத்தைத் தொட்டுப் பிறகு தணியத் தொடங்கும். உச்சியில் இருக்கும்போது எழுந்து ஓடிவிட்டால், அது தானாக இறங்கியிருக்கும் என்பது மூளைக்குத் தெரியாமலே போகிறது. உட்கார்ந்திருந்தால் தெரிந்துகொள்கிறது. நாலைந்து தடவை உட்கார்ந்திருந்தால் மணியின் சத்தமே குறையத் தொடங்கும்.

லீவு போடுவது மட்டும்தான் தவிர்ப்பு என்று நினைத்துவிடக் கூடாது. ஒழுங்காக ஆபீஸ் போய் வருபவர்களிடமும் ஒளிந்திருக்கும் தவிர்ப்புகள் உண்டு. மத்தியானம் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்து ஒன்றாக உட்காரும் நேரத்தில் "வெளியே வேலை இருக்கு" என்று கிளம்பிவிடுவது. போன் மணி அடித்தால் பக்கத்து சீட்டுக்காரர் எடுக்கட்டும் என்று காகிதத்தைப் புரட்டுவது. ஒரே சந்தேகத்தை மூன்று பேரிடம் கேட்டு உறுதிசெய்வது. இரண்டு வரி மின்னஞ்சலை முக்கால் மணி நேரம் திருத்துவது. எப்போதும் பையில் ஒரு மாத்திரை இருந்தால்தான் வாசலைத் தாண்டுவது. இவற்றைச் செய்யும்போது நாள் நல்லபடியாகவே முடியும். ஆனால் "அந்த மாத்திரையால் தப்பித்தேன்" என்று மூளை கணக்கு எழுதிவிடும். நல்ல அனுபவத்தின் வரவு உங்கள் கணக்கில் ஏறாது. மாதக்கணக்கில் வேலைக்குப் போயும் சிலருக்குப் பயம் ஏன் குறையவில்லை என்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடவேண்டியதில்லை. ஒரு தாளில் உங்கள் தவிர்ப்புகளை எழுதி, ஒவ்வொன்றையும் விட்டால் எவ்வளவு பயம் வரும் என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். ஜோசப் வோல்ப்பி என்ற மனநல மருத்துவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அளவுகோல் இது. மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது 35, போன் எடுப்பது 50, கவுண்டரில் தனியாக இருப்பது 80, மேனேஜர் அறைக்குள் போய்ச் சந்தேகம் கேட்பது 90 என்று வரலாம். 30, 40-ல் இருப்பதில் தொடங்குங்கள். ஒன்றை ஒரு வாரம் தினமும் செய்யுங்கள். அதன் மதிப்பெண் ஏறக்குறைய பாதியானதும் அடுத்த படிக்குப் போங்கள். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, துணிச்சல் வந்த ஒரு நாளில் 90-ல் குதித்துவிட்டு, அடிபட்டதும் மொத்தத்தையும் கைவிடுவது. இன்னொரு தவறு, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் செய்வது. இடைவெளி விட்டால் மூளை மறந்துவிடும்.

சேருவதற்கு முந்தைய வாரம்

தெரியாதது எவ்வளவு அதிகமோ பதற்றம் அவ்வளவு அதிகம். ஆகவே தெரிந்துகொள்ளக்கூடியதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கிளைக்கு ஒரு நாள் முன்னதாக, வேலை நேரத்திலேயே, போய் வாருங்கள். எந்தப் பஸ், எத்தனை நிமிடம், வாசல் எங்கே, குடிதண்ணீர் எங்கே, பக்கத்தில் டீக்கடை எது என்று பாருங்கள். வங்கிக்கு உள்ளே போய் வரிசையில் நின்று ஒரு சலான் வாங்கி வருவதும் நல்ல பயிற்சி. அந்த இடத்தின் சத்தமும் வெளிச்சமும் முதல் நாள் அன்று புதிதாக இருக்காது.

காகிதங்களை இரண்டு நாள் முன்பே ஒரே ஃபைலில் வைத்துவிடுங்கள்: பணி ஆணை, சான்றிதழ்களின் அசலும் நகலும், ஆதார், பான், புகைப்படங்கள், முன்பு வேலை பார்த்தவர் என்றால் ரிலீவிங் கடிதம். ஒருமுறை சரிபார்த்து ஃபைலை மூடினால் மூடியதுதான். ராத்திரி எழுந்து மறுபடி திறந்து பார்ப்பதும் ஒளிந்திருக்கும் தவிர்ப்புதான்.

காபியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். காபீன் இதயத்தை வேகப்படுத்தும், கையை நடுங்க வைக்கும். பதறும் உடம்பால் அதைப் பயத்திலிருந்து பிரித்தறிய முடியாது. குடித்ததில் பாதி உடம்பைவிட்டு வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக் காபி ராத்திரி பதினொரு மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். தினமும் நாலு டம்ளர் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் தலைவலி வரும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வந்து, காலையில் ஒன்று என்ற அளவில் நிறுத்துங்கள், அதையும் வெறும் வயிற்றில் வேண்டாம். சோறு இறங்காத நாட்களில் இட்லி இரண்டு, ஒரு வாழைப்பழம், மோர் என்று கொஞ்சமாவது உள்ளே போகட்டும். பட்டினியால் சர்க்கரை குறைந்தாலும் இதே நடுக்கம், இதே வியர்வை வரும். தூக்கத்துக்காகக் குடிக்கும் மதுவும் வேண்டாம். அது ராத்திரி கண்ணை மூட வைத்து, விடியற்காலையில் இரட்டிப்புப் பதற்றத்தோடு எழுப்பிவிடும்.

மூச்சுப் பயிற்சி: செய்முறையும் தவறுகளும்

நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். ஒரு கை வயிற்றில், ஒரு கை நெஞ்சில். மூக்கு வழியாக நாலு எண்ணும்வரை மெதுவாக இழுங்கள். வயிற்றுக் கை எழும்ப வேண்டும், நெஞ்சுக் கை ஏறக்குறைய அசையாமல் இருக்கவேண்டும். நிறுத்தாமல், ஆறு எண்ணும்வரை வெளியே விடுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் செய்தால் முப்பது. மூச்சை வெளியே விடும் நேரம் நீளும்போது, இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் கை ஓங்கும்.

முதல் தவறு, "ஆழமா மூச்சு விடு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நெஞ்சு நிறையக் காற்றை வாங்குவது. அதனால் கரியமில வாயு இன்னும் குறைந்து தலை சுற்றும். மெதுவாக விடுவதுதான் முக்கியம், நிறைய இழுப்பது தேவையில்லை. இரண்டாவது, நெருக்கடி வந்தபிறகே முதன்முதலாகச் செய்து பார்ப்பது. வெள்ளம் வந்தபிறகு நீச்சல் கற்க முடியாது. சேருவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே காலையும் இரவும், அமைதியாக இருக்கும் நேரத்தில் பழகுங்கள். மூன்றாவது தவறுதான் அதிகம் பேருக்கு நடக்கிறது: பயத்தைத் துரத்துவதற்காக மூச்சுவிட்டு, "போச்சா, போச்சா" என்று சோதித்துக்கொண்டே இருப்பது. மூச்சு உடம்பைக் கொஞ்சம் நிதானப்படுத்தும், நீங்கள் கவுண்டரைவிட்டு எழாமல் இருக்க உதவும். மீதிப் பயம் இருந்தால் இருக்கட்டும். அதோடேயே அடுத்த வாடிக்கையாளரைக் கூப்பிடுங்கள்.

கவுண்டரில் முதல் நாள்

பயம் மொத்தையாக இருக்கும்வரை ஒன்றும் செய்ய முடியாது. "தப்பு பண்ணிடுவேன்" என்பது மொத்தை. எந்தத் தப்பு, எந்த இடத்தில், அதைத் தடுக்க என்ன முறை என்று உடைத்தால் அது வேலையாகிவிடும்.

கேஷ் கவுண்டரில் பணம் குறைவதற்கான காரணங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். ஐந்நூறு ரூபாய் நோட்டை நூறாக நினைத்துக் கொடுத்துவிடுவது. எண்ணும்போது இரண்டு நோட்டு ஒட்டிக்கொள்வது. சலானில் எழுதியதும் கணினியில் போட்டதும் வேறாவது. இரண்டு வாடிக்கையாளரின் பணம் மேசையில் கலந்துவிடுவது. இவற்றுக்கான தற்காப்பும் எளிமையானது. ஒரு நேரத்தில் ஒருவர் பணம் மட்டுமே மேசையில். சலானின் எண்ணும் எழுத்தும் பொருந்துகிறதா, எத்தனை ஐந்நூறு, எத்தனை இருநூறு என்ற விவரம் கூட்டினால் வருகிறதா என்று முதலில் பார்ப்பது. மெஷினில் ஒரு தடவை, கையில் ஒரு தடவை எண்ணுவது. பதிவு முடிந்தபிறகே பணத்தை டிராயருக்குள் போடுவது. கொடுக்கும் பணத்தை வாடிக்கையாளர் கண்முன் எண்ணிக் கொடுப்பது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் எப்படியும் அதிகாரி பார்த்துப் பாஸ் செய்யவேண்டும். வங்கியின் ஏற்பாடே ஒருவர் தவறை இன்னொருவர் பிடிப்பதுபோல அமைந்திருக்கிறது.

வரிசை நீளும். முன்னால் நிற்கும் பெரியம்மா "சீக்கிரம் பாருப்பா தம்பி, பஸ்ஸு போயிரும்" என்பார். அந்த ஒரு நொடியில்தான் கை நடுங்கும், வேகம் கூட்டத் தோன்றும், தவறும் அங்கேதான் நடக்கும். வாயில் ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள்: "ஒரு நிமிஷம்மா, நான் புதுசு, உங்க காசு, ரெண்டு தடவை எண்ணிடுறேன்." புதிது என்று சொல்லிவிட்டால் மறைக்க ஒன்றுமில்லை. மறைக்கும் வேலை நின்றாலே பதற்றத்தில் பாதி இறங்கும்.

சாயங்காலம் கணக்கு இடித்தால்? இதற்கும் முறை இருக்கிறது. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 540 என்பது 450 ஆகப் பதிவாகியிருந்தால் வித்தியாசம் 90. வித்தியாசம் 400 என்றால் ஐந்நூறும் நூறும் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். வித்தியாசத் தொகைக்கே சமமான சலான் ஒன்று பதியாமல் கிடக்கிறதா என்றும் பாருங்கள். இவ்வளவும் பார்த்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பிடிபடவில்லை என்றால் உடனே அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். பயத்தில் மறைத்து வைப்பது மட்டுமே சின்னத் தவறைப் பெரிய குற்றமாக்கும்.

உங்கள் வேலை வேறாக இருக்கலாம். இதே மாதிரி உட்கார்ந்து, "இந்த வேலையில் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் ஐந்து தவறுகள் என்ன?" என்று பக்கத்தில் இருக்கும் சீனியரிடம் முதல் வாரமே கேளுங்கள். அண்ணனோ அக்காவோ, சொல்ல ஆசைப்படாத சீனியர் குறைவு.

சந்தேகம் கேட்கவும் ஒரு பக்குவம் உண்டு. "சார், ஒண்ணும் புரியலை" என்றால் கேட்டவருக்கும் சொல்பவருக்கும் சங்கடம். "சார், இதில் கையெழுத்து ஸ்கேனில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. அடையாள அட்டை கேட்டு வாங்கவா, உங்களிடம் அனுப்பவா?" என்று, பார்த்ததையும் செய்ய நினைப்பதையும் சேர்த்துச் சொன்னால் இருபது விநாடியில் பதில் கிடைக்கும். பதிலைச் சின்ன நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பதற்றம் இருக்கும்போது நினைவாற்றல் சுருங்கும். எழுதாவிட்டால் அதே கேள்வியை நாளைக்கும் கேட்கவேண்டி வரும், அந்த வெட்கம் கேட்பதையே நிறுத்திவிடும்.

மனம் சொல்லும் கதைகள்

"எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்." அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் செய்து 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருந்தும். வெட்கப்படவைக்கும் படம் போட்ட பனியனை மாட்டி மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். மற்றவர்களும் அவரவர் கவலையில் இருக்கிறார்கள்.

"எப்படியோ பாஸாகிவிட்டேன், இவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள்" என்ற எண்ணத்துக்கும் பெயர் உண்டு: இம்போஸ்டர் ஃபினாமினன், அதாவது தன்னைத் தானே போலி என்று நினைக்கும் நிலை. 1978-ல் பாலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள், நன்றாகச் சாதித்த பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். திறமை இருப்பவரிடமும் இது வரும் என்பதே அதன் சாரம்.

இந்த எண்ணங்களை "நினைக்காதே" என்று அடக்கினால், மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற கதைதான். அதற்குப் பதில் நேரம் ஒதுக்குங்கள். மாலை ஆறரை முதல் ஏழு வரை, படுக்கையில் இல்லாமல் ஒரு நாற்காலியில், கவலைப்படுவதே வேலை. மற்ற நேரத்தில் கவலை வந்தால் நோட்டில் ஒரு வரி குறித்துவிட்டு "ஆறரைக்குப் பார்க்கலாம்" என்று கையிலிருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். ஆறரைக்கு அந்தப் பட்டியலைப் பிரிக்கும்போது பாதி வரிகளுக்குச் சூடு ஆறியிருக்கும்.

இன்னொரு பழக்கமும் நல்ல பலன் தரும். காலையில் நீங்கள் அஞ்சுவதைத் தெளிவாக எழுதுங்கள்: "இன்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் திட்டுவார், வாய்ப்பு 80 சதவீதம்." இரவில் அதன் பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள். மூன்று வாரம் எழுதினால், உங்கள் கணிப்பு எவ்வளவு பலித்தது என்று உங்கள் கையெழுத்திலேயே தெரியும்.

சீட்டிலேயே பீதி தாக்கினால்

"இது பீதி. ஏறும், இறங்கும்" என்று மனதுக்குள் பெயர் சொல்லுங்கள். இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்துங்கள். மேசையின் குளிர்ச்சி, மின்விசிறிச் சத்தம், எதிரே சுவரில் தொங்கும் காலண்டரின் தேதி என்று வெளியே கவனத்தைத் திருப்புங்கள். மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். முடிந்தால் கையிலிருக்கும் ஒரு சலானை முடியுங்கள். தாங்கவில்லை என்றால் சொல்லிவிட்டு எழுந்து, முகம் கழுவி, ஐந்து நிமிடத்தில் திரும்பி வாருங்கள். திரும்பி வருவதுதான் இதில் முக்கியம். வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் மறுநாள் வாசற்படி இரண்டு மடங்கு உயரமாகத் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், மாடியேறும்போது கூடினால், மயங்கி விழுந்தால், இதயத்துக்கு என்னவென்று முதலில் மருத்துவமனையில் பாருங்கள். எல்லாம் பதற்றம் என்று ஒதுக்கக் கூடாது.

வீட்டாருக்கு

"தைரியமா இரு" என்பதால் தைரியம் வருவதில்லை. "கஷ்டமா இருந்தா விட்டுட்டு வந்துடு கண்ணு" என்ற அன்பும், முதல் சில வாரத்தில், தவிர்ப்புக்குத் தோள் கொடுக்கும். "பயமா இருக்குன்னு தெரியுது. அதோட போயிட்டு வா, ராத்திரி பேசலாம்" என்பது உதவும். தினமும் பத்து தடவை போன் செய்து "எப்படி இருக்கே" என்று கேட்காதீர்கள்.

வேலையை விட்டுவிடலாமா?

ஞாயிறு மாலைக்கும் திங்கள் மத்தியானத்துக்கும் இடையில் இந்த முடிவை எடுக்காதீர்கள். ஆறு வாரம் தொடர்ந்து போய், தவிர்ப்புகளையும் ஒவ்வொன்றாகக் குறைத்தபிறகு யோசியுங்கள். இது பதற்றம் தரும் வேலைக்கான விதி. அசல் சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொள்ளும் இடம், சம்பளம் தராத இடம், கை நீட்டும் அல்லது அத்துமீறும் மேலாளர் இருக்கும் இடம் வேறு கணக்கு. அங்கே மணி சரியாகத்தான் அடிக்கிறது. தாங்கிக்கொண்டு உட்கார வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், வேலைக்குப் போகமுடியாமல் நின்றுவிட்டால், சாகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், தள்ளிப்போடாதீர்கள். இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது.

மருத்துவர் தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனை எழுதினால் செய்துகொள்ளுங்கள். தைராய்டு அதிகம் சுரந்தாலும் இதே படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை வரும். எண்ணங்களையும் தவிர்ப்புகளையும் கையாளப் பயிற்றுவிக்கும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மருந்து தேவைப்பட்டால் பெரும்பாலும் எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் போன்றவை. இவை முழுப் பலன் தர இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு சற்றே கூடவும் செய்யலாம், அதைப் பார்த்து நிறுத்திவிடுபவர்கள் பலர். நன்றாகிவிட்டது என்று நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை நண்பரிடம் வாங்கிப் போடாதீர்கள். சீக்கிரமே பழக்கமாகும், மயக்கம் தரும், புதிதாகக் கற்பதையும் மங்கச் செய்யும். கை நடுக்கத்துக்குத் தரும் புரொப்ரனலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து.

ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் பலர் போவதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 23-ஆவது பிரிவு, நோயாளியின் விவரம் ரகசியமாகக் காக்கப்படவேண்டும் என்கிறது. அரிதான சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் மருத்துவர் உங்கள் நிறுவனத்திடம் சொல்லக் கூடாது.

போகும்போது ஒரு தாளில் நாலே வரி எழுதி எடுத்துப்போங்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், எதைத் தவிர்க்கிறீர்கள், என்ன மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள். மருத்துவர் முன்னால் உட்காரும்போதும் நெஞ்சு படபடக்கும், பாதி மறந்துபோகும். தாளை நீட்டினால் போதும்.